சென்னைச் சட்டமன்றத்தில் காயிதே மில்லத்

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் என்றதும் டில்லி நாடாளுமன்றத்தையும் மஞ்சேரித் தொகுதியையும் பேசுவோர் பலர். அதற்கு முன் அவர் சென்னைச் சட்டமன்றத்தில் இருந்த ஆறு ஆண்டுகளை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவருடைய அரசியல் வாழ்வில் சோதனை மிகுந்த ஆண்டுகள் அவைதாம் என்பது எங்கள் எண்ணம்.

முகம்மது இஸ்மாயில் சாகிப் பிறந்தது 1896 ஜூன் 5-ல், திருநெல்வேலிப் பேட்டையில். நெல்லைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளான நம்மில் பலருக்கு அது பக்கத்து ஊர். ஒத்துழையாமை இயக்க நாளில் கல்லூரிப் படிப்பை விட்டார். பிறகு சென்னையில் தோல் வணிகம், முஸ்லிம் லீக் பணி.

1946 தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைத்தது. அடுத்த பெரிய கட்சி லீக். இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். மறு ஆண்டே நாடு பிரிந்தது. நேற்றுவரை எதிர்க்கட்சியாக மட்டும் பார்க்கப்பட்டவர்களை இப்போது ஐயத்தோடு பார்த்தார்கள். லீகைக் கலைத்துவிடுங்கள் என்ற அறிவுரை வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்தும் வந்தது. சிலர் விலகிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை, காலம் அப்படி.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், இந்தியப் பகுதிக்கு அவரை அமைப்பாளராக்கியது. 1948 மார்ச் 10-ல், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்தில் கூட்டம் கூட்டினார். கலைப்பதில்லை என்று முடிவாயிற்று; அவரே தலைவர். பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா என முதல்வர்கள் மாறினர். அவர் தம் இடத்தில் நின்றார்.

அரசியல் நிர்ணய சபையிலும் அதே உறுதிதான். தமக்குரிய தனிச் சட்டத்தைக் கைவிடும்படி எந்தச் சமூகத்தையும் கட்டாயப்படுத்தலாகாது என்று திருத்தம் கொடுத்தார்; ஏற்கப்படவில்லை. தனித்தொகுதிக் கோரிக்கையும் தோற்றது. மொழி விவாதத்தில் அவர் தமிழுக்காகப் பேசியதை நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வோம். முழுதாகச் சொன்னால், இருவகை எழுத்திலும் அமைந்த இந்துஸ்தானியை அவர் ஆதரித்தார். தொன்மைதான் அளவுகோல் என்றால் தம் தாய்மொழியாகிய தமிழே முன்னிற்கும் என்றார். பாதியை விட்டுவிட்டாலும் பெருமை குறையாது. ஆனால் அவர் பாதி சொல்பவரல்லர்.

1952-ல் மாநிலங்களவை. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மலபாரின் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினர். 1967-ல் அறிஞர் அண்ணாவோடு அவர் கண்ட கூட்டணி, சென்னையில் இருபதாண்டுக் காங்கிரஸ் ஆட்சி முடிவதில் பங்கு கொண்டது.

1972 ஏப்ரல் 5-ல், மக்களவை உறுப்பினராக இருந்தபோதே காலமானார். அவருடைய கபுர் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. சென்னை செல்லும் நம் உறுப்பினர்கள் அங்கு ஜும்ஆ தொழுதால், துஆ செய்துவிட்டு வரலாம்.