கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அம்மையார்



சுவிட்சர்லாந்து நாட்டில் லோசான் என்னும் நகரம் உண்டு. இளம் நடனமணிகளுக்கான பன்னாட்டுப் பாலே போட்டி ஒன்று 1973-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கி, இன்றுவரை நடைபெற்று வருகின்றது. பாலே என்பது மேலைநாட்டாரின் செவ்வியல் நடனம். கால்விரல் நுனியில் நின்றும் ஆடப்படும் அரிய கலை. 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கென்றே அப்போட்டி அமைந்துள்ளது. மேடையாட்டத்தை மட்டுமன்றி, பயிற்சி வகுப்பில் அவர்கள் பயிலும் முறையையும் நடுவர்கள் உற்று நோக்குவர். வெற்றி பெற்றோர் புகழ்மிக்க நடனப் பள்ளிகளில் பயில உதவித்தொகை பெறுவர். வளரும் பயிருக்கு நீர் பாய்ச்சும் நற்பணி அது.

எனினும், அந்த வயதெல்லை நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. இளமையிலேயே பரிசு பெறாதவர்க்குக் கலையில் இடமில்லையா? பள்ளிகளுக்கிடையிலான நடனப் போட்டிகளில் வெறுங்கையோடு திரும்பும் குழந்தைகளின் முகவாட்டத்தை நாம் கண்டிருக்கின்றோம். இனி இவளுக்கு ஆட்டம் எதற்கு என்று சதங்கையைப் பரண்மேல் போட்டுவிடும் பெற்றோரையும் கண்டிருக்கின்றோம். அத்தகையோர் அறிய வேண்டிய வாழ்க்கை ருக்மிணி தேவி அம்மையாருடையது.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும் பிறந்தநாள் அவருடையது! தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பணி ஓய்வுக்குப் பின் அவர் குடும்பத்தோடு சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையின் அருகே குடியேறினார். அச்சபையில் தொண்டாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர் ஜார்ஜ் அருண்டேலை 1920-இல் ருக்மிணி மணந்தார். சாதியையும் நாட்டையும் கடந்த அத்திருமணம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அவர் அஞ்சவில்லை.

1920-களின் இறுதியில் உலகப் புகழ் பெற்ற ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு அம்மையார் உள்ளம் உருகினார். ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்யும் வாய்ப்பும் கிட்டியது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அம்மையார் பாலே பயிலத் தொடங்கினார். அப்போது அவர் இருபதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. லோசான் போன்ற போட்டி அன்று இருந்திருந்தாலும், அவர் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது.

பாலேயில் ஆர்வம் கொண்ட அவருக்குப் பாவ்லோவா வேறொரு வழியைக் காட்டினார். பிறந்த நாட்டின் கலையைத் தேடிச் செல்லுமாறு அவர் அறிவுறுத்தினார். அச்சொல் வித்தாக விழுந்தது.

1933-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தநல்லூர் மரபில் வந்த சகோதரியர் இருவரின் சதிராட்டத்தை அம்மையார் கண்டார். அவ்வாட்டத்தை இசை வேளாளர் மரபினர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். எனினும், அன்றைய சமூகம் அதனை இழிவாகக் கருதியது. அக்கலையையே கற்க அவர் துணிந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மாணவியாய் அமர்ந்தார். 1935-ஆம் ஆண்டு டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைரவிழாவில் மேடையேறினார். அப்போது அவர் வயது 31. பழிச்சொற்கள் எழுந்தன, பாராட்டும் எழுந்தது.

அடுத்த ஆண்டே, 1936-இல், அவர் தொடங்கிய கலைப்பள்ளியே கலாக்ஷேத்திரம் ஆயிற்று. பெருமைமிகு நட்டுவனார்களும் இசைவாணர்களும் அங்கே ஆசிரியர்களாயினர். குற்றாலக் குறவஞ்சியை 1944-இல் நாட்டிய நாடகமாக்கினார்; இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக வடித்தார். மேடை ஒளியமைப்பிலும் ஒழுங்கிலும் மேலை அரங்கின் நயங்களைக் கையாண்டார். சிருங்கார பாவத்தை அவர் குறைத்ததைப் பாலசரஸ்வதி அம்மையார் போன்ற மரபுக் கலைஞர்கள் ஏற்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. கலையைக் காத்துக் கொடுத்தவர்களையும் புதிய மேடைக்குக் கொண்டுவந்தவரையும் ஒருசேரப் போற்றுவதே முறை.

1952-இல் அவர் இந்திய நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். வாயில்லாச் சீவன்களுக்காக அங்கே வாதாடினார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறக்க அவர் முயற்சி பெருந்துணை புரிந்தது. 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்க அழைப்பு வந்தபோது அதனை ஏற்க மறுத்து, கலைப்பணியிலேயே நிலைத்தார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் நட்ட கலாக்ஷேத்திரம் 1993-இல் நாட்டின் முதன்மைவாய்ந்த நிறுவனமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பெற்றது.

அம்மையாருக்கு வசதி இருந்தது, நம் குழந்தைகளுக்கு அது இல்லையே என்று தோட்டத்துத் தாய்மார் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அவருக்கு வழிகாட்டிய பாவ்லோவா யார்? துணி வெளுத்துப் பிழைத்த ஓர் ஏழைத் தாயின் மகள். மெலிந்த உடலினள் என்று ரஷ்ய அரச பாலே பள்ளி முதலில் அவரைத் திருப்பி அனுப்பியது. 1891-இல், 10 வயதில், மீண்டும் முயன்றே இடம் பெற்றார். ஒரு முறை தள்ளப்பட்டவரே பின்னர் உலகெங்கும் ஆடினார். வயது கடந்து வந்த நம் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு வழியும் காட்டினார்.

நம் செலாயாங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1981-இல் தோன்றி, பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் நுண்கலைக் கோயில் போன்ற இடங்களில் பரதம் கற்பிக்கப்படுகின்றது. போட்டி சிலரைத் தேர்ந்தெடுக்கும். பயிற்சி எவரையும் தள்ளுவதில்லை.

ஆகவே பெற்றோர்களே, பரிசு வராத நாளன்று மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பரண்மேல் போட்ட சதங்கையை எடுத்துத் துடைத்து, மறுநாள் பயிற்சிக்கு அவளிடம் கொடுத்தனுப்புங்கள். அவளுக்குரிய மேடை 31-ஆம் வயதிலும் வரக்கூடும்.