பொன்னம்பல முதலியாரின் மூன்றாம் மகன்



தவணைப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் தேர்ச்சி அறிக்கையோடு வீட்டுக்கு வரும் நாளில் உங்கள் உள்ளம் எப்படி இருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. பாலர் வகுப்புப் பிள்ளை ஆங்கிலப் பாட்டொன்றைத் தடையின்றிச் சொல்லிவிட்டால் போதும். வெள்ளவத்தையென்றாலும் கொட்டாஞ்சேனையென்றாலும் அயல் வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விடும். அதில் குற்றமில்லை. இதே கொழும்பில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மகனின் கல்வியால் பெருமை கண்ட ஒரு தந்தை இருந்தார். அந்த மகன் தன் கல்வியைக் கொண்டு என்ன செய்தார் என்பதைக் கேளுங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகும் நீங்கள், அருகே இருக்கும் கருங்கற் சிவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை முதலில் கட்டுவித்தவர் பொன்னம்பல முதலியார். கொழும்புக் கச்சேரியில் காசாளராயிருந்தவர். அவருக்கு ஆண்மக்கள் மூவர்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். கடைசி மகனான அருணாசலம் 1853 செப்டெம்பர் 14ஆம் நாள் பிறந்தார்.

பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியில் அவர் முதன்மை மாணவர். அரசினர் புலமைப் பரிசிலை வென்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ற் கல்லூரியில் பயின்றார். 1875இல் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையில் இடம் பெற்றார். அவ்வழியாக அதனுள் நுழைந்த முதல் இலங்கையர் அவரே. அன்று அப்பதவிகளில் வெள்ளையரே நிறைந்திருந்தனர். தந்தை 1887 வரை உயிரோடிருந்து இதைக் கண்டார். அந்த மனிதரின் நெஞ்சு எவ்வளவு நிறைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

(நடு மகன் இராமநாதன் சென்னையிற் படிக்கப் போய்ப் பட்டமின்றித் திரும்பியவர். அவரே பின்னர் சட்டம் பயின்று, சட்டநிரூபண சபையில் அமர்ந்து, மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கமும் எழுதினார். குறைந்த புள்ளி கண்டு பிள்ளையைத் திட்டுவோர் இதையும் நினைவிற் கொள்ளலாம்.)

அருணாசலம் பதிவாளர் நாயகமானார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவருடையதே. இத்தீவின் ஒவ்வொரு வீட்டையும் எண்ணிக் கணக்கெடுத்தபோது, பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுத்தறிவில்லை என்று தெரிந்தது. பரிசுகள் வாங்கிய மாணவர், பள்ளிக்கூட வாசலையே காணாதவர்களின் தொகையைத் தம் கையாலேயே எழுதவேண்டி வந்தது.

அவரை உறுத்திய வேறொன்றும் உண்டு. அரசினர் பரிசிலில் ஆண்டுதோறும் கப்பலேறியவர்கள் ஒருவர் இருவரே. மற்றத் தந்தையரின் பிள்ளைகள் என்ன ஆவது? 1906இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று எழுதியும் பேசியும் இயக்கம் தொடங்கினார். அதில் அவர் சொன்ன குறையொன்று நம் வீடுகளுக்கு இன்றும் சுடும். ஆங்கிலத்தில் வல்லவரான இளைஞர் தம் தாய்மொழியையும் அதன் இலக்கியத்தையும் அறியாது வளர்கின்றனர் என்பதே அது. இதைச் சொன்னவர் ஆங்கிலம் அறியாதவரல்லர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். ஆகையால் அவர் சொல்லை எவரும் பொறாமையென்று தள்ளிவிட முடியவில்லை. தமிழில் ஆழ்ந்து கற்று, திருவாசகத்திலிருந்தும் புறநானூற்றிலிருந்தும் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தும் காட்டினார்.

ஓய்வு பெற்றபின் 1915இல் சமூக சேவைச் சங்கம் அமைத்து, ஏழைகளின் நலனுக்காக உழைத்தார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். பின்பு அதைவிட்டு மனங்கசந்து விலகியது வேறொரு நீண்ட கதை.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. மூன்றாண்டுகளில், 1924 ஜனவரி 9ஆம் நாள், யாத்திரை சென்ற இடத்தில், மதுரையில் அருணாசலம் காலமானார். அக்கல்லூரி முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது 1942இல்தான்.