அம்மாள் எழுதிய கதை ஊமைப் படமானது!
பள்ளிக்கூடம் போகாத திருவல்லிக்கேணி அம்மாள் எழுதியது 115 நாவல்

சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901-ம் ஆண்டு பிறந்தவர். அஞ்சரை வயசில் கல்யாணம். கணவர் பெயர் பார்த்தசாரதி.

அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கதை சொல்லுவதில் கெட்டிக்காரி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

முதலில் ஒரு நாடகம் உருவானது. பெயர் 'இந்திர மோகனா'. அப்போது அம்மாளுக்குச் சரளமாக எழுத வராது. வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு தானே எழுதப் பழகினார்.

1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்தார். சுமார் 35 வருஷம் நடத்தினார். மொத்தம் 115 நாவல்!

சினிமாவில்...

அவர் எழுதிய நாவல்களில் ஒன்று 'அனாதைப் பெண்'. 1930-களின் தொடக்கத்தில் இதை ஊமைப் படமாக எடுத்தவர் டைரக்டர் ராஜா சாண்டோ. புதுக்கோட்டைக்காரர். பம்பாய் சினிமாவில் பேர் வாங்கியவர்.

அந்தக் காலத்துக் கொட்டகையில் படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று கதை சொல்லுவார்.

1931-ல் பேசும் படம் வந்தது. ஊமைப் படத்தைச் சீந்த ஆளில்லை. அப்போதைய பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் ரகம். எரிந்தது பாதி, மக்கியது பாதி. 'அனாதைப் பெண்' ஊமைப் படமும் போனது போனதுதான். இன்றைக்கு அதைப் பார்க்க வழியில்லை.

கதை மட்டும் சாகவில்லை. 1938-ல் ஜுபிடர் கம்பெனி அதைப் பேசும் படமாக எடுத்தது.

ஜெயிலில் நாவல்

காந்தியைச் சந்தித்த பிறகு அம்மாள் பட்டையும் நகையையும் விட்டுவிட்டு, கதர் கட்டினார். கள்ளுக்கடை மறியலில் கைதாகி ஜெயிலுக்குப் போனார். அங்கேயும் பேனா நிற்கவில்லை. உள்ளே இருந்தபடியே நாவல் எழுதினார்.

1956-ல் பெரிய இடி. ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அதிலிருந்து அம்மாள் மீளவில்லை. 1960 பிப்ரவரி 20-ந் தேதி காலமானார்.

'சித்தி'

6 வருஷம் கழித்து அவருடைய 'தயாநிதி' நாவல் 'சித்தி' என்ற படமானது. டைரக்டர் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன். பத்மினி நடித்து சக்கைப் போடு போட்ட படம்.

கொட்டகையில் கண்ணீர் விட்டவர்கள் ஏராளம். அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்தான் அதைப் பார்க்க இல்லை!