பெஞ்சமின் பிராங்கிளின்

பெஞ்சமின் பிராங்கிளின் (ஜனவரி 17, 1706 - ஏப்ரல் 17, 1790) ஐக்கிய அமெரிக்க நாடுகளை உருவாக்கிய தலைவர்களுள் ஒருவர். அச்சாளர், இதழாசிரியர், எழுத்தாளர், அறிவியலாளர், கண்டுபிடிப்பாளர், அரசுத் தூதர் எனப் பல நிலைகளில் புகழ் பெற்றவர். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவரும் இவரே. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மட்டுமே பள்ளிக்குச் சென்ற பிராங்கிளின், பத்து வயது முதல் இருபத்திரண்டு வயது வரை மெழுகுவர்த்தி செய்தல், அச்சுக் கோத்தல், கடைக் கணக்கு எழுதுதல், அச்செழுத்து வார்த்தல் முதலிய பல வேலைகளைச் செய்தார். அவற்றுள் சில அவர் விரும்பித் தேடியவை. சில பிழைப்புக்காக மேற்கொண்டவை. பிற்காலத்தில் அவர் ஆற்றிய பணிகளுக்கு இவ்வாண்டுகளில் பெற்ற பயிற்சியே அடித்தளமாக அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

பிராங்கிளின் வட அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான மாசச்சூசெட்சின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசையா பிராங்கிளின். தாய் அபையா போல்கர். ஜோசையாவுக்கு இரு மனைவியர் மூலம் பிறந்த பதினேழு பிள்ளைகளில் பெஞ்சமின் பதினைந்தாமவர். ஆண் மக்களில் கடைசியானவர்.

ஜோசையா இங்கிலாந்தில் துணிகளுக்குச் சாயமிடும் தொழிலைச் செய்து வந்தவர். பாஸ்டனில் அத்தொழிலுக்குப் போதிய தேவை இல்லாததால், விலங்குக் கொழுப்பிலிருந்து மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்யும் தொழிலுக்கு மாறினார். கடைசி மகனைச் சமயப் பணிக்கு அனுப்பும் எண்ணத்துடன் எட்டாம் வயதில் இலக்கணப் பள்ளியில் சேர்த்தார். அதற்கான செலவு தம் வருவாய்க்கு மீறியது என உணர்ந்து, ஓர் ஆண்டு முடியும் முன்னரே அங்கிருந்து நிறுத்தி, எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் வேறொரு பள்ளிக்கு மாற்றினார். அங்கே பெஞ்சமின் எழுத்தில் தேறினார், கணக்கில் தோல்வியுற்றார். பத்தாம் வயதில் பள்ளிப் படிப்பு முற்றிலும் நின்றது.

தொழில் தேடல்

பள்ளியை விட்டபின் பெஞ்சமின் தந்தையின் பட்டறையில் உதவியாளரானார். திரிகளை வெட்டுவதும், அச்சுகளில் கொழுப்பை ஊற்றுவதும், கடையைப் பார்த்துக்கொள்வதும் அவரது வேலைகளாக இருந்தன. இத்தொழில் அவருக்குப் பிடிக்கவில்லை. கடலோடியாக வேண்டும் என்பதே அவரது ஆசை. மூத்த மகன்களில் ஒருவர் ஏற்கெனவே வீட்டைவிட்டுக் கடலுக்குச் சென்றிருந்ததால், இளைய மகனும் அவ்வாறு சென்றுவிடுவானோ என்று தந்தை அஞ்சினார்.

எனவே ஜோசையா மகனை நகரில் நடத்திச் சென்று தச்சர், கொத்தனார், கடைசல் தொழிலாளி, பித்தளைக் கொல்லர் ஆகியோர் வேலை செய்வதைக் காட்டினார். மகனுடைய நாட்டம் எதில் உள்ளது என்று அறிந்து, அதிலேயே அவரை நிலைபெறச் செய்வது தந்தையின் நோக்கம். இவ்வாறு பார்த்ததால் கருவிகளைக் கையாளும் அறிவு ஓரளவு வாய்த்தது என்றும், வீட்டில் சிறு பழுதுகளைச் சரிசெய்யவும் சோதனைகளுக்கு வேண்டிய சிறு பொறிகளைத் தாமே செய்துகொள்ளவும் அது உதவியது என்றும் பிராங்கிளின் தமது தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

இறுதியில் கத்தி செய்யும் தொழிலைத் தந்தை தேர்ந்தெடுத்தார். இலண்டனில் அத்தொழிலைக் கற்றுவந்த உறவினர் சாமுவேலிடம் பெஞ்சமின் சில நாள் பழகிப் பார்த்தார். பயிற்சிக்குச் சாமுவேல் கட்டணம் எதிர்பார்த்தது தந்தைக்குப் பிடிக்காமற் போகவே, அம்முயற்சியும் கைவிடப்பட்டது.

அச்சுக்கூடப் பயிற்சி

பெஞ்சமினின் அண்ணன் ஜேம்சு 1717 இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் எழுத்துகளும் கொண்டுவந்து பாஸ்டனில் அச்சுக்கூடம் தொடங்கினார். பெஞ்சமின் நூல்களின் மீது கொண்டிருந்த ஆர்வத்தைக் கண்ட தந்தை, 1718 இல் அவரை அண்ணனிடமே தொழில் பயிலுநராகச் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 12. ஒப்பந்தப்படி 21 வயது வரை அவர் அங்கே பணியாற்ற வேண்டும். கடைசி ஆண்டில் மட்டுமே தேர்ந்த தொழிலாளிக்குரிய கூலி கிடைக்கும். அக்காலப் பயிலுநர் முறையில் உணவும் உறையுளும் தொழிலறிவும் முதலாளி தர வேண்டியவை. ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியேறுவது சட்டப்படி குற்றம். தொழிலை மாற்றிப் பார்க்கும் உரிமை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இளைஞருக்கு இல்லை.

அச்சுத் தொழிலை விரைவில் கற்றுக்கொண்ட பெஞ்சமின், ஓய்வு நேரத்தில் தாமாகவே வேறு திறன்களைப் பயின்றார். அவர் எழுதப் பழகிய முறை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இலண்டனிலிருந்து வெளிவந்த ஸ்பெக்டேட்டர் இதழின் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எழுதி வைப்பார். சில நாட்கள் கழித்து, மூலத்தைப் பாராமல் அக்குறிப்புகளைக் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களில் எழுதுவார். பின்னர் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவார். சொல்வளம் பெருகுவதற்காகக் கட்டுரைகளைச் செய்யுளாக மாற்றி, மீண்டும் உரைநடையாக்குவார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு மீண்டும் வரிசைப்படுத்துவதும் உண்டு. கருத்துகளை ஒழுங்குபடுத்துவதற்கு அது பயிற்சியாயிற்று. பள்ளியில் தோற்ற கணக்கையும் ஒரு நூலின் துணைகொண்டு இக்காலத்தில் தாமே கற்றார்.

நூல் வாங்கப் பணம் சேர்க்க அவர் கண்ட வழியும் வேறுபட்டது. ஏறத்தாழ 16 வயதில் இறைச்சி உண்பதை விடுத்து, தம் உணவுக்காக அண்ணன் செலவிடும் தொகையில் பாதியைத் தம்மிடம் தந்தால் தாமே சமைத்து உண்பதாகக் கூறினார். அண்ணன் இசைந்தார். அப்பாதியிலும் பாதியை மிச்சப்படுத்தி நூல்கள் வாங்கினார்.

ஜேம்சு 1721 இல் நியூ இங்கிலாந்து கூரன்ட் என்னும் செய்தித்தாளைத் தொடங்கினார். தம்பியின் எழுத்தை அண்ணன் ஏற்கமாட்டார் எனக் கருதிய பெஞ்சமின், 1722 இல் சைலன்ஸ் டூகுட் என்னும் கற்பனைக் கைம்பெண்ணின் பெயரில் கடிதங்கள் எழுதி அச்சுக்கூடக் கதவின் அடியில் செருகி வைத்தார். எழுதியவர் யார் என அறியாமலே ஜேம்சு அவற்றை வெளியிட்டார். இவ்வாறு 14 கடிதங்கள் வெளியாயின.

அதே ஆண்டில் ஆட்சியாளரைக் குறைகூறியதற்காக ஜேம்சு சிறையில் அடைக்கப்பட்டபோது, 16 வயதான பெஞ்சமின் செய்தித்தாளை நடத்தினார். பின்னர் ஜேம்சு அதனை வெளியிடத் தடை விதிக்கப்பட்டதால், இதழ் பெஞ்சமினின் பெயரில் வெளிவந்தது. இதற்காகப் பழைய பயிலுநர் ஒப்பந்தம் வெளிப்படையாக விடுவிக்கப்பட்டு, புதிய ஒப்பந்தம் ஒன்று மறைவாக எழுதப்பட்டது. அண்ணன் அவ்வப்போது அடித்ததால் மனம் கசந்த பெஞ்சமின், மறைவான ஒப்பந்தத்தை அண்ணனால் வெளிக்காட்ட இயலாது என்பதைப் பயன்படுத்திக்கொண்டு வேலையை விட்டார். அவ்வாறு பயன்படுத்திக்கொண்டது நேர்மையன்று என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். ஜேம்சு நகரின் பிற அச்சாளர்களிடம் சொல்லி வைத்ததால் பாஸ்டனில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

பிலடெல்பியாவும் இலண்டனும்

1723 இல் தம் நூல்கள் சிலவற்றை விற்று, பதினேழு வயது பிராங்கிளின் மறைவாகக் கப்பலேறி நியூயார்க் சென்றார். அங்கும் வேலை கிடைக்காமல், நியூ செர்சி வழியாக ஏறத்தாழ 50 மைல் நடந்தும் படகேறியும் அக்டோபரில் பிலடெல்பியாவை அடைந்தார். அப்போது அவர் கையில் ஒரு டச்சு டாலரும் சில செப்புக் காசுகளுமே இருந்தன. சாமுவேல் கெய்மர் என்பவரின் அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது.

பென்சில்வேனியாவின் ஆளுநர் வில்லியம் கீத், அவருக்குத் தனி அச்சுக்கூடம் அமைத்துத் தருவதாக வாக்களித்தார். பதினெட்டு வயது இளைஞரை நம்பித் தொழில் தொடங்குவது முறையன்று எனத் தந்தை பணம் தர மறுத்தபின், ஆளுநர் தாமே முழுச் செலவையும் ஏற்பதாகக் கூறினார். பொறிகள் வாங்குவதற்காக 1724 நவம்பரில் பிராங்கிளின் கப்பலேறி, டிசம்பர் 24 அன்று இலண்டனை அடைந்தார். ஆளுநர் தருவதாகச் சொன்ன கடன் உறுதிக் கடிதங்கள் எவையும் கப்பலில் வரவில்லை. திரும்பிச் செல்லப் பணமும் இல்லை. உடன் பயணம் செய்த தாமசு டென்காம் என்னும் வணிகர், இலண்டன் அச்சுக்கூடங்களில் வேலை செய்து தொழிலை மேம்படுத்திக்கொள்ளுமாறு அறிவுரை கூறினார்.

அதன்படி முதலில் பால்மரின் அச்சுக்கூடத்திலும், பின்னர் அதனினும் பெரிய வாட்சின் அச்சுக்கூடத்திலும் பிராங்கிளின் பணியாற்றினார். வாட்சிடம் முதலில் அச்சுப்பொறி இயக்கும் வேலையைக் கேட்டுப் பெற்றார்; அச்சுக் கோக்கும் வேலையில் உடலுழைப்புப் போதாது என்பது அவர் எண்ணம். பின்னர் அச்சுக் கோக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது, அப்பிரிவினர் புதியவரிடம் பெறும் குடிப்பணத்தைக் கேட்டனர். ஏற்கெனவே ஒரு முறை செலுத்திவிட்டதால் அவர் மறுத்தார். அதன்பின் அவர் கோத்து வைத்த எழுத்துகள் கலைந்தன. பக்கங்கள் இடம் மாறின. இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்தபின், உடன் வேலை செய்வோரோடு பகைத்து வாழ இயலாது என உணர்ந்து பணத்தைச் செலுத்தினார்.

இலண்டனில் நண்பர்கள் இருவருக்கு நீச்சலும் கற்பித்தார். தேம்சு ஆற்றில் செல்சியிலிருந்து பிளாக்பிரையர்சு வரை நீந்திக் காட்டியதை அறிந்த வில்லியம் விண்டாம் என்னும் பெருமகன், தம் மகன்களுக்கு நீச்சல் கற்பிக்குமாறு கேட்டார். அதற்குள் ஊர் திரும்ப முடிவு செய்திருந்ததால் பிராங்கிளின் ஏற்கவில்லை. அவ்வழைப்பு முன்னரே வந்திருந்தால் இலண்டனிலேயே நீச்சற்பள்ளி தொடங்கியிருக்கக்கூடும் என அவர் கருதினார்.

கடைப்பணியும் மீண்டும் அச்சும்

டென்காம் பிலடெல்பியாவில் கடை திறக்க எண்ணி, ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் பிராங்கிளினை எழுத்தராக அழைத்தார். அச்சுக் கோத்துப் பெற்றதைவிட இது குறைவு. எனினும் வணிகம் கற்கும் வாய்ப்பாகக் கருதி ஏற்றார். 1726 அக்டோபரில் ஊர் திரும்பிக் கணக்கு வைக்கவும் பொருள் விற்கவும் நன்கு கற்றார். 1727 தொடக்கத்தில் இருவரும் கடும் நோயுற்றதால் அப்பணி முடிவுக்கு வந்தது.

வேறு கடைகளில் எழுத்தர் வேலை கிடைக்காத நிலையில், கெய்மரின் அச்சுக்கூடத்துக்கே மேலாளராகத் திரும்பினார். பயிற்சியற்ற தொழிலாளர்களுக்குத் தொழில் கற்பித்தார். அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்போது அச்செழுத்து வார்ப்பவர் எவருமில்லை. இலண்டனில் மேலோட்டமாகப் பார்த்திருந்ததை நினைவிற்கொண்டு, தாமே ஒரு வார்ப்பு அச்சைச் செய்து, இருந்த எழுத்துகளைக் கொண்டு ஈயத்தில் பதிவு எடுத்து, குறைந்த எழுத்துகளை வார்த்தார். மையும் செய்தார். 1728 இல் நியூ செர்சியின் பணத்தாள்களை அச்சிடுவதற்காகச் செப்புத்தகட்டு அச்சுப்பொறி ஒன்றையும் அமைத்தார்.

தனித்தொழில்

1728 இல் கியூ மெரடித் என்பவருடன் கூட்டாகப் பிராங்கிளின் சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். முதலீடு மெரடித்தின் தந்தையுடையது. அவரால் முழுத் தொகையையும் செலுத்த இயலாமற் போனதால் கடன் கொடுத்தவர் வழக்குத் தொடர்ந்தார். அப்போது வில்லியம் கோல்மன், இராபர்ட் கிரேசு ஆகிய நண்பர்கள் இருவரும், ஒருவர் மற்றவரை அறியாமல், முழுத் தொகையையும் தர முன்வந்தனர். பிராங்கிளின் ஒவ்வொருவரிடமும் பாதி பெற்றுக்கொண்டார். உழவுத் தொழிலிலிருந்து முப்பது வயதில் அச்சுத் தொழிலுக்கு வந்த மெரடித், அது தமக்கு ஏற்றதன்று எனக் கண்டு, 1730 இல் விலகி வட கரோலினாவில் மீண்டும் உழவை மேற்கொண்டார்.

கெய்மரிடமிருந்து 1729 இல் பிராங்கிளின் வாங்கிய பென்சில்வேனியா கெசட் செய்தித்தாளும், 1732 முதல் வெளியிட்ட ஏழை ரிச்சர்டு பஞ்சாங்கமும் பெரும் வெற்றி பெற்றன. தம்மிடம் தேர்ந்த தொழிலாளர்களைப் பிற நகரங்களுக்கு அனுப்பி, பொறியும் எழுத்தும் கொடுத்து, ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு பெறும் கூட்டு முறையை 1731 இல் தென் கரோலினாவில் தொடங்கினார். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அவர்கள் பொறிகளை விலைக்கு வாங்கித் தனித்து நிற்க இயன்றது.

ஒப்பந்தத்தை முறித்து ஓடிவந்த பிராங்கிளினின் செய்தித்தாளிலேயே, தப்பி ஓடிய பணியாளர்களையும் அடிமைகளையும் பிடித்துத் தருமாறு கோரும் விளம்பரங்கள் வெளிவந்தன. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். வாழ்வின் இறுதியில் அவர் நிலை மாறியது. 1787 இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புக் கழகத்தின் தலைவரானார்.

பிற்கால வாழ்க்கை

1748 இல், 42 ஆம் வயதில், அச்சுக்கூடத்தைத் தம் கூட்டாளி டேவிட் கால் பொறுப்பில் விட்டு, மின்னியல் ஆய்வில் ஈடுபட்டார். அவ்வாய்வுகளுக்காக இலண்டன் அரச கழகம் 1753 இல் காப்ளி பதக்கம் வழங்கியது. 1776 இல் விடுதலைச் சாற்றுரையிலும், 1783 இல் பிரித்தானியாவுடனான பாரிசு உடன்படிக்கையிலும், 1787 இல் அரசியலமைப்பிலும் கையொப்பமிட்டார். பிரான்சில் தூதராக இருந்தபோதும், பாசி என்னுமிடத்தில் தம் வீட்டில் சிறிய அச்சுக்கூடம் ஒன்றை வைத்திருந்தார்.

இறப்பும் அறக்கட்டளையும்

பிராங்கிளின் 1790 ஏப்ரல் 17 அன்று பிலடெல்பியாவில் தமது 84 ஆம் வயதில் காலமானார். தமது உயிலில் முதலில் தம்மை அச்சாளர் என்றும், அதன் பின்னரே தூதர் முதலிய பதவிகளையும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

1789 இல் உயிலுக்கு எழுதிய இணைப்பில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1000 பவுண்டு வழங்கினார். பயிலுநர் பயிற்சியை முடித்த, திருமணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்க இத்தொகையிலிருந்து 5 விழுக்காடு வட்டிக்குக் கடன் பெறலாம். பத்து ஆண்டுகளில் தவணை முறையில் திருப்பித் தர வேண்டும். இருவர் பிணை நிற்க வேண்டும். இளமையில் நண்பர்கள் கடன் கொடுத்துத் தமக்கு உதவியதை இதற்குக் காரணமாகக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகிப் பயிலுநர் முறை நலிந்ததால், அவர் எதிர்பார்த்த அளவுக்குக் கடன் பெறுவோர் இல்லை. எனினும் நிதி வளர்ந்தது. பாஸ்டன் நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1908 இல் அந்நகரில் ஒரு தொழிற்கல்வி நிலையம் திறக்கப்பட்டது. அவர் குறித்த 200 ஆண்டுகள் நிறைவடைந்தபோது பாஸ்டன் நிதி ஏறத்தாழ 50 இலட்சம் டாலராகவும், பிலடெல்பியா நிதி ஏறத்தாழ 20 இலட்சம் டாலராகவும் பெருகியிருந்தன.