முடங்கிய உடலில் முடங்காத உள்ளம்

ஓரடி கூட எடுத்து வைக்க இயலாமல், தூக்கிச் செல்வோரை நம்பியே வாழ்ந்த ஒரு பிரபு மகனைத் திருச்சபை முத்திப்பேறு பெற்றவராக வணங்குகிறது. அவரே ரைகெனாவ் ஹெர்மான்.

ஜெர்மனி தேசத்து ஸ்வாபியா பகுதியில் வோல்ஃப்ராட் பிரபுவுக்கும் ஹில்ட்ரூட் அம்மையாருக்கும் 1013-ம் ஆண்டு ஜூலை 18-ம் நாள் இவர் பிறந்தார். பிரபு குலத்துப் பிள்ளைகளுக்குக் குதிரையும் வாளுமே பெருமையாயிருந்த காலம் அது. இவருக்கோ சிறு வயதிலேயே கைகால்கள் முடங்கின. படுக்கையில் புரண்டு படுக்கவும் பிறர் உதவி வேண்டும். பேச்சும் குழறிற்று. 'முடவர்' என்பதே இவருடைய பட்டப்பெயராய் நிலைத்தது.

பெற்றோர் இவரை ஒதுக்கி வைக்கவில்லை. ஏழாம் வயதில், 1020-ல், கல்வி கற்க அனுப்பினார்கள். பின்னர் கான்ஸ்தான்ஸ் ஏரியிலுள்ள ரைகெனாவ் தீவில், புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில், முப்பதாம் வயதில் துறவியானார்.

நாற்காலியில் குனிந்து அமர்ந்தபடியே, வளைந்த விரல்களால் அவர் எழுதியவை ஏராளம். விண்மீன்களை அளக்கும் கருவியைப் பற்றியும், கணிதம், சங்கீதம் பற்றியும் நூல்கள் இயற்றினார். கிறிஸ்து பிறப்பு முதல் தம் காலம் வரையிலான நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் தொகுத்தார். கிருபை தயாபத்துச் செபமும் நெடுங்காலம் இவர் பெயரிலேயே வழங்கி வந்தது. இன்றைய அறிஞர்கள் அதை உறுதியாகச் சொல்வதில்லை. 1052-ல் தாயார் இறந்தபோது, அவருடைய கல்லறைக்கென ஒரு கவிதை எழுதினார். அந்தத் தாயின் கைகளில் அல்லவா அவர் வளர்ந்தார்!

குழறிய பேச்சைக் கேட்கவே மாணவர்கள் தேடி வந்தனர். அவர்களுள் ஒருவரான பெர்த்தோல்டு, ஆசிரியரின் பொறுமையையும் மலர்ந்த முகத்தையும் எழுதி வைத்துள்ளார். 1054 செப்டம்பர் 24-ல் ஹெர்மான் இறைவனடி சேர்ந்தார். 1863-ல் பாப்பரசர் 9-ம் பத்திநாதர் இவருக்குரிய வணக்கத்தை உறுதி செய்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது சில வீடுகளில் உள்ளறைக் கதவு சாத்தியிருப்பதைக் காண்கிறோம். உள்ளே நடக்க இயலாத ஒரு பிள்ளை இருக்கும், வெட்கப்பட்டு மறைத்திருப்பார்கள். ஹில்ட்ரூட் அம்மையாரும் அவ்வாறு மறைத்திருந்தால் திருச்சபை எத்தகைய செல்வத்தை இழந்திருக்கும்! யூபிலித் திருப்பலிக்கு அப்பிள்ளைகளையும் தூக்கி வாருங்கள். முன்வரிசையில் அவர்களுக்கு இடம் வைத்திருப்போம்.