ஆய்லர் வகுத்துப் பார்த்தார்

நெட்டைத் தூண் எந்த லோடில் வளையும் என்று சொல்லும் ஆய்லர் பார்முலா நம்மில் பலரைப் பாடாய்ப் படுத்தியிருக்கும். நானும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை எனக்கு அறிமுகம் செய்தது 4294967297 என்ற பத்து இலக்க எண்.

லியோனார்டு ஆய்லர் 1707-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார், மகனும் அப்படியே ஆகணும் என்பது அவர் ஆசை. ஆனால் சனிக்கிழமைதோறும் ஜோகான் பெர்னூலியிடம் கணக்கில் சந்தேகம் கேட்கப் போன பையன் கணக்கோடேயே போய்விட்டான். 1727-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் சேர்ந்தார்.

அங்கே கோல்டுபாக் என்ற நண்பர் ஒரு பழைய விஷயத்தைக் கிளப்பினார். பிரான்சு நாட்டு ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்று ஒரு வரிசை எழுதியிருந்தார். எல்லாம் பகா எண்கள். அடுத்தது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1, அதாவது நம்ம 4294967297. இதுவும் பகா எண்தான் என்று ஃபெர்மா நம்பினார். நிரூபணம் மட்டும் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய மேதை சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? ஆய்லர் அப்படி விடவில்லை. 1732-இல் விடை சொன்னார்: 641 × 6700417. ஃபெர்மா சொன்னது தப்பு!

கண்ட எண்ணாலெல்லாம் வகுக்க வேண்டியதில்லை என்பதைப் பிற்பாடு ஒரு கட்டுரையில் விளக்கினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். 193, 257, 449, 577, பிறகு 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கொண்டது! கால்குலேட்டர் இருந்தும் ஒரு ராத்திரி பேப்பரிலேயே போட்டுப் பார்த்தேன். மீதி பூஜ்யம் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

1738 வாக்கில் வலது கண் பார்வை போனது. நடுவில் 25 வருஷம் பெர்லினில் இருந்துவிட்டு, 1766-இல் பீட்டர்ஸ்பர்க் திரும்பியதும் இடது கண்ணும் மங்கியது. 1771-இல் வீடு தீப்பிடித்தது. அதே வருஷம் செய்த கண் ஆபரேஷனும் நிலைக்கவில்லை. மறு வருஷம் 1772-இல் அவர் எடுத்துச் சொன்ன எண் 2147483647, அதாவது 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைவு. இதைப் பகா எண் என்று காட்ட 46340 வரை தேடணும். அவரோ 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டி வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று சுருக்கினார். நூற்றுக்கும் குறைவான வகுத்தல்கள். ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. கண் தெரியாதவர் செய்த கணக்கு இது!

கம்ப்யூட்டர் படிக்கும் நண்பர்களுக்கு இந்த எண் பழக்கமாயிருக்கும். சி லாங்குவேஜில் 32 பிட் இன்ட் கொள்ளும் மிகப் பெரிய எண் இதேதான்.

1783 செப்டம்பர் 18. இரண்டு வருஷம் முன்பு கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றி அன்று பேசிக்கொண்டிருந்தார். மாலையில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, இரவுக்குள் போய்விட்டார். வயது 76.