வால்ட்டர் கேம்ப்

வால்ட்டர் சான்சி கேம்ப் (ஏப்ரல் 7, 1859 – மார்ச் 14, 1925) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த விளையாட்டு வீரரும் பயிற்றுநரும் விளையாட்டு எழுத்தாளரும் ஆவார். இவர் அமெரிக்கக் காற்பந்தின் தந்தை எனப் பரவலாக அழைக்கப்படுகிறார். பதினொருவர் கொண்ட அணி, பந்து எந்த அணியிடம் உள்ளது என்பதை ஐயமின்றி வரையறுக்கும் ஸ்க்ரிமேஜ் முறை, டவுன் கணக்கு, புள்ளி முறை ஆகியன பெரும்பாலும் இவரது முயற்சியால் ஏற்பட்டவை.

யேல்–ஹார்வர்ட் போன்ற பழம் பகை அணிகள் மோதும் நவம்பர் மாத ஆட்டத்துக்கு முன்பு, வெல்லப்போவது யார் என்பதோடு நில்லாமல் எத்தனைக்கு எத்தனை என்பதையும் முன்கூட்டியே சொல்வது அமெரிக்கக் கல்லூரி இரசிகர்களின் நெடுநாள் வழக்கம். அப்படிச் சொல்வதற்கு வேண்டிய எண்களை இவ்விளையாட்டுக்கு அளித்தவர் கேம்ப். அவர் மாணவராக ஆடத் தொடங்கியபோது இவ்விளையாட்டில் புள்ளி என்ற ஒன்றே இருக்கவில்லை.

இளமைக் காலம்

கேம்ப் கனெடிகட் மாநிலத்தில் உள்ள நியூ பிரிட்டன் நகரில் பிறந்தார். தந்தை லெவரெட் கேம்ப் பள்ளி ஆசிரியர். நியூ ஹேவன் நகரின் ஹாப்கின்ஸ் பள்ளியில் படித்த பின் 1876 இல் யேல் கல்லூரியில் சேர்ந்தார். 1880 இல் பட்டம் பெற்று, அங்கேயே மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். ஆனால் மருத்துவப் பட்டம் பெறாமலேயே விலகிவிட்டார். அக்காலத்தில் ஒருவர் எத்தனை ஆண்டுகள் கல்லூரி அணிக்காக ஆடலாம் என்ற வரம்பு இல்லாததால், மருத்துவ மாணவராக இருந்தபோதும் யேல் அணிக்கு ஆடினார். பின்பகுதி ஆட்டக்காரராகவும் அணித் தலைவராகவும் விளங்கினார்.

1883 இல் நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் தலைவரானார். வாழ்நாள் முழுவதும் அவருக்குச் சோறு போட்டது கடிகாரத் தொழிலே. காற்பந்துக்கு அவர் ஒதுக்கியது பணி முடிந்த பின் கிடைத்த நேரத்தை மட்டுமே.

1876 ஆட்டம்

யேலும் ஹார்வர்டும் முதன்முதலில் மோதியது 1875 நவம்பர் 13 அன்று. அதில் ஹார்வர்ட் வென்றது. அடுத்த ஆண்டு நவம்பர் 18 அன்று நியூ ஹேவனில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் முதலாண்டு மாணவரான கேம்ப் யேல் அணியில் ஆடினார். ஹார்வர்ட் அணி இரண்டு டச் டவுன்கள் எடுத்தது. அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி இரு முறை பந்தை நிலத்தில் வைத்தது. யேல் ஒரே ஒரு முறை பந்தை உதைத்துக் கம்பத்தின் மேலாகச் செலுத்திக் கோல் எடுத்தது. வெற்றி யேலுக்கே. ஏனெனில் அன்றைய ரக்பி முறையில் டச் டவுன் என்பது கோல் உதைப்பதற்கான வாய்ப்பைப் பெற்றுத் தந்ததே அன்றி, அதற்கெனத் தனி மதிப்பு இல்லை.

சில நாட்களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் மாசசாய்ட் ஹவுஸ் என்னும் விடுதியில் கல்லூரிகள் கூடிப் பொது விதிகளை வகுத்தன. ஒரு கோல் நான்கு டச் டவுன்களுக்குச் சமம் என்றும், அவ்வாறு சமமாகும்போது டச் டவுனைத் தொடர்ந்து உதைத்த கோலே மேலானது என்றும் அங்கு முடிவாயிற்று. எந்த அணி வென்றது என்பதைச் சொல்லவே சிறு வழக்காடல் வேண்டியிருந்த காலம் அது. இத்தகைய ஆட்டத்தின் முடிவை எண்ணால் முன்கூட்டிச் சொல்வது எளிதன்று.

விதிகள்

1870களின் இறுதியிலிருந்து இறக்கும் வரை கேம்ப் விதிக் கூட்டங்களில் இடைவிடாது பங்கேற்றார். 1880 இல் அவரது இரு முன்மொழிவுகள் ஏற்கப்பட்டன. அணிக்குப் பதினைவர் என்பது பதினொருவர் ஆயிற்று. இரு அணியினரும் ஒன்றாகக் குவிந்து பந்துக்காக முட்டிக்கொள்ளும் ரக்பியின் ஸ்க்ரம் நீக்கப்பட்டு, பந்து ஓர் அணியின் உடைமை என்னும் ஸ்க்ரிமேஜ் முறை வந்தது. நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தள்ள, குவார்ட்டர்பேக் அதைப் பெற்று ஆட்டத்தைத் தொடங்குவார். ரக்பியிலிருந்து அமெரிக்கக் காற்பந்து பிரிந்த இடம் இதுவே.

இம்மாற்றம் எதிர்பாராத ஒரு தொல்லையையும் கொண்டு வந்தது. பந்தை வைத்திருக்கும் அணி முன்னேற முயலாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எதிரணியால் ஒன்றும் செய்ய இயலாது. 1881 இல் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கு ஒரு பாதி ஆட்டத்தை அவ்வாறே கழித்தன. முடிவு 0–0, பார்வையாளர் வெறுத்துப் போயினர். இதற்குத் தீர்வாக 1882 இல் டவுன் விதி வந்தது. மூன்று முயற்சிகளுக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும், அல்லது 10 கெஜம் பின்வாங்க வேண்டும். தவறினால் பந்தை எதிரணியிடம் விட்டுவிட வேண்டும். முன்னேற்றத்தை அளப்பதற்காக 5 கெஜத்துக்கு ஒன்றாகத் திடலில் சுண்ணக் கோடுகள் இடப்பட்டன. இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டைப் போலத் திடல் தோன்றியதால் கிரிடையர்ன் என்ற பெயர் இவ்விளையாட்டுக்கே வழங்கலாயிற்று.

புள்ளி முறையும் முன்கணிப்பும்

1883 இல் கேம்பின் முயற்சியால் ஒவ்வொரு செயலுக்கும் எண் மதிப்பு தரப்பட்டது. தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னேயே பந்துடன் அடங்கிவிட்டால் எதிரணிக்கு 1, டச் டவுனுக்கு 2, அதைத் தொடரும் கோலுக்கு 4, திடலிலிருந்து நேராக உதைக்கும் கோலுக்கு 5 என்பன முதல் மதிப்புகள். காலால் எடுப்பதே உயர்ந்தது என்ற பழைய எண்ணம் இதில் இன்னும் மாறவில்லை. அடுத்த ஆண்டே டச் டவுன் 4 ஆகவும், தொடர் கோல் 2 ஆகவும் மாற்றப்பட்டன. 1898 இல் இவை 5, 1 ஆயின. திடல் கோலின் மதிப்பு 1904 இல் 4 ஆகவும் 1909 இல் 3 ஆகவும் குறைந்தது. 1912 இல் டச் டவுன் 6 புள்ளி பெற்றது. முப்பது ஆண்டுகளில் மதிப்பு காலிலிருந்து கைக்கு மாறியதை இவ்வெண்களே காட்டுகின்றன.

இரசிகர்களின் முன்கணிப்புக்கு இது அடித்தளமாக அமைந்தது. புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாராமல் கட்டுக்கட்டாக வருவதால், இவ்விளையாட்டில் எல்லா எண்களும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 1884 முதல் 1897 வரையிலான முறையில், கோலுடன் கூடிய டச் டவுன் 6, கோல் தவறினால் 4. எனவே 6, 10, 12 ஆகியன அடிக்கடி வந்தன. 1889 இல் பிரின்ஸ்டன் யேலை 10–0 என்றும், 1890 இல் ஹார்வர்ட் யேலை 12–6 என்றும், 1892 இல் யேல் ஹார்வர்டை 6–0 என்றும் வென்றதை இவ்வாறு எளிதில் பிரித்துப் பார்க்கலாம். 1912 க்குப் பிறகு இவ்விடத்தை 7, 10, 14, 17 போன்ற எண்கள் பிடித்துக்கொண்டன. தேர்ந்த இரசிகர் எவரும் தம் அணி 11 புள்ளி எடுக்கும் என்று எளிதில் சொல்லமாட்டார்.

1890களில் நியூ யார்க் நகரில் நன்றி நவிலும் நாளன்று நடந்த யேல்–பிரின்ஸ்டன் ஆட்டங்களுக்குப் பல்லாயிரவர் திரண்டனர். நாளேடுகள் பல பத்திகளை ஒதுக்கி இரு அணி வீரர்களின் எடையையும் வலிமையையும் ஒப்பிட்டன. பந்தய விகிதங்களும் அச்சாயின. இரு அணிகளும் பொதுவாக எதிர்கொண்ட மூன்றாம் அணிக்கு எதிராக எவ்வளவு எடுத்தன என்று ஒப்பிடுவது இரசிகர்கள் விரும்பிய வழி. இது பெரும்பாலும் ஏமாற்றும் வழியும் கூட. வலுவற்ற அணியை 50 புள்ளிகளில் வென்ற ஓர் அணி, பழம் போட்டியாளரிடம் ஒரு புள்ளியும் எடுக்காமல் போவது அரிதன்று.

பயிற்றுநர்

1888 முதல் 1892 வரை கேம்ப் யேலின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். 67 வெற்றிகள், 2 தோல்விகள். மேலே கூறிய 1889, 1890 ஆட்டங்களே அவ்விரு தோல்விகள். 1888 இல் யேல் 13 ஆட்டங்களில் 698 புள்ளிகள் எடுத்தது, எதிரணிகள் ஒன்றுகூட எடுக்கவில்லை. 1891, 1892 ஆகிய ஆண்டுகளிலும் அவரது அணி ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் அவரது மனைவிக்கும் பங்குண்டு. 1888 இல் சமூகவியலாளர் வில்லியம் கிரகாம் சம்னரின் தங்கை ஆலிசைக் கேம்ப் மணந்தார். பகலில் கடிகார நிறுவனப் பணியில் இருந்த கணவருக்கு மாற்றாக, ஆலிஸ் மாலைதோறும் பயிற்சித் திடலுக்குச் சென்று கவனித்தவற்றைக் குறித்து வந்தார். இரவில் அணியின் முன்னணி வீரர்கள் கேம்பின் வீட்டில் கூடி அவற்றை ஆராய்ந்தனர்.

1892 டிசம்பரில் கேம்ப் கலிஃபோர்னியா சென்று ஸ்டான்ஃபோர்ட் அணிக்குப் பயிற்சி அளித்தார். எதிரணியான கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சி தந்தவர் அவரிடம் ஆடிய லீ மெக்லங். ஆட்டம் 10–10 எனச் சமனாக முடிந்தது. 1894, 1895 ஆகிய ஆண்டுகளிலும் அவர் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றினார்.

அனைத்து அமெரிக்க அணி

நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர் பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும் அனைத்து அமெரிக்க அணிப் பட்டியல் 1889 இல் தொடங்கியது. முதற்பட்டியலை வெளியிட்டவர் காஸ்பர் விட்னி. கேம்பின் பெயரே அதனுடன் நிலைத்தது. பெயரில் அமெரிக்கா முழுவதும் இருந்தாலும், அதில் இடம்பெற்ற பதினொருவரும் பிரின்ஸ்டன், ஹார்வர்ட், யேல் என்னும் மூன்று கல்லூரிகளைச் சேர்ந்தவர்களே. குவார்ட்டர்பேக்காக இடம்பெற்ற பிரின்ஸ்டன் வீரரின் பெயர் எட்கர் ஆலன் போ; அதே பெயருடைய கவிஞரின் உறவினர். கோலியர்ஸ் இதழில் ஆண்டுதோறும் வந்த கேம்பின் பட்டியலைக் குறித்து வாதிடுவது இரசிகர்களுக்கு ஆட்டத்தைக் கணிப்பதற்கு நிகரான பொழுதுபோக்காயிற்று.

வன்முறையும் சீர்திருத்தமும்

எண்ணப்பட்ட எண்கள் அனைத்தும் மகிழ்ச்சிக்குரியவை அல்ல. 1888 இல் இடுப்புக்குக் கீழே முழங்கால் வரை பிடித்து வீழ்த்தக் கேம்பின் முயற்சியால் இடம் தரப்பட்டது. வெட்டவெளியில் ஓடும் ஆட்டம் சுருங்கி, நெருக்கமாகத் திரண்டு மோதும் ஆட்டம் பெருகியது. 1892 இல் யேலுக்கு எதிராக ஹார்வர்ட் பறக்கும் ஆப்பு என்ற முறையைக் கையாண்டது. வீரர்கள் தொலைவிலிருந்து ஓடிவந்து ஆப்பு வடிவில் ஒரே எதிரியின் மீது பாயும் இம்முறையை வகுத்த லோரின் டிலேண்ட், காற்பந்து ஆடியே அறியாத சதுரங்க ஆர்வலர். (பின்னர் இவரும் கேம்பும் இணைந்து 1896 இல் ஒரு காற்பந்து நூல் எழுதினர்.) 1894 இல் ஸ்பிரிங்ஃபீல்டில் யேல் 12–4 என வென்ற ஆட்டத்தில் பலர் கடுங்காயமுற்றனர். அடுத்த இரு ஆண்டுகள் யேலும் ஹார்வர்டும் ஆடவே இல்லை.

அதே 1894 இல் கேம்ப், முன்னாள் வீரர்களிடமும் கல்வியாளர்களிடமும் கருத்துக் கேட்டுப் பெற்ற விடைகளை நூலாக வெளியிட்டார். விளையாட்டால் பெருந்தீங்கு இல்லை என்பதே அதன் முடிவு. ஆனால் எதிர்மறையான விடைகள் பலவற்றை அவர் அதில் சேர்க்காமல் விட்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் அவரது ஆவணங்களிலிருந்து கண்டறிந்தனர். கெஜத்தையும் புள்ளியையும் அத்தனை நேர்மையாக எண்ணியவர் காயங்களை அவ்வாறு எண்ணவில்லை. அவரது வாழ்க்கையில் மிகவும் குறைகூறப்படும் செயல் இதுவே.

1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் பதினெட்டுப் பேர் இறந்ததாக நாளேடுகள் எழுதின. அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார், கேம்பும் சென்றிருந்தார். முன்னேற வேண்டிய தொலைவை 10 கெஜமாக உயர்த்தினால் போதும், வீரர்கள் பரந்து ஆடுவர் என்பது அவரது கருத்து. முன்னோக்கி எறிவதை அவர் விரும்பவில்லை. 1906 இல் இரண்டுமே விதியாயின. திடலை அகலப்படுத்தும் மாற்று யோசனை, 1903 இல் கட்டப்பட்ட ஹார்வர்டின் கற்காரை அரங்கில் அதற்கு இடமில்லாததால் கைவிடப்பட்டதாகக் கூறப்படுவதுண்டு. விதிக்குழுவில் கேம்பின் தனி ஆதிக்கம் இத்துடன் குறைந்தது.

பிற்காலம்

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் உடற்பயிற்சிப் பணியைக் கேம்ப் கவனித்தார். அன்றாடப் பன்னிரண்டு என்ற பெயரில் அவர் வகுத்த எளிய பயிற்சிகள் பின்னர் பொதுமக்களிடமும் பரவின; இசைத்தட்டுகளாகவும் விற்பனையாயின. 1925 மார்ச் மாதம் விதிக்குழுக் கூட்டத்துக்காக நியூ யார்க் சென்றிருந்தபோது, விடுதி அறையில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. காலையில் அவர் கூட்டத்துக்கு வராததைக் கண்டு தேடிச் சென்றபோதே இறப்பு தெரிய வந்தது.

தாக்கம்

அவர் இறந்த மறு ஆண்டு, இலினொய் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன் கல்லூரி அணிகளைக் கணக்கீட்டின் வழி தரவரிசைப்படுத்தும் முறையை வெளியிட்டார். 1929 இல் டங்கல் குறியீடு வந்தது. இரசிகர்கள் கைக்கணக்காகச் செய்து வந்த ஒப்பீடு இவற்றால் ஒழுங்கு பெற்றது, பிழையற்றதாகிவிடவில்லை. 1968 நவம்பர் 23 அன்று தோல்வி காணாத யேலும் தோல்வி காணாத ஹார்வர்டும் மோதியபோது, பெரும்பாலோர் யேல் வெல்லும் என்றே கருதினர். ஆட்டம் முடிய 42 விநாடிகள் இருக்கையில் யேல் 29–13 என முன்னிலையில் இருந்தது. ஹார்வர்ட் இரண்டு டச் டவுன்களையும், 1958 இல் அறிமுகமான இரு புள்ளித் தொடர் முயற்சியை இரு முறையும் நிறைவேற்றி 16 புள்ளிகள் எடுத்தது. முடிவு 29–29.

1914 இல் திறக்கப்பட்ட யேல் பவுல் அரங்கின் முகப்பில், நூற்றுக்கணக்கான கல்லூரிகளும் பள்ளிகளும் அளித்த நன்கொடையால் 1928 இல் கேம்பின் நினைவு வாயில் எழுப்பப்பட்டது. அவ்வரங்கில் நடந்த முதல் ஆட்டத்தில் ஹார்வர்ட் யேலை 36–0 என வென்றிருந்தது. 1951 இல் கல்லூரிக் காற்பந்துப் புகழ் மன்றத்தில் கேம்பின் பெயர் சேர்க்கப்பட்டது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கு அவரது பெயரிலான விருது 1967 முதல் வழங்கப்படுகிறது.